வாய் போன கோடாலி!

ரிடையரான மறுநாளே ஒரு மனுஷன் செய்யக் கூடாத காரியங்கள் இரண்டு. ஒன்று, சமையலறைக்குள் நுழைந்து டப்பாக்களை ஒழுங்குபடுத்துவது. இரண்டு, மெஷின் வாங்குவது. நான் முதலாவதைச் செய்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு, அந்த ரோஷத்தில் இரண்டாவதையும் செய்தேன்.

வாங்கியது நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர். கிரில் கேட் வெல்டிங் கடைகளில் ‘ர்ர்ர்ர்’ என்று ஊரைக் கூட்டுமே, அதுதான். நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றும் என்று டப்பாவில் போட்டிருந்தது. முதல் வாரம் கேட்டைத் தேய்த்தேன். இரண்டாவது வாரம் ஜன்னல் கம்பிகள். மூன்றாவது வாரம் தேய்க்க வீட்டில் இரும்பு தீர்ந்துபோய், அம்மியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதுல கையை வெச்சீங்க, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்” என்றாள் என் சகதர்மிணி.

அந்த நேரம் பார்த்துத்தானா அப்பா வாயைத் திறக்க வேண்டும்?

“பரண் மேல என் கோடாலி கிடக்குடா. அதைக் கொஞ்சம் எடுத்துக் குடு. வாசல்ல வேப்பங்கிளை வெட்டிப் போட்டிருக்கே, வெந்நீர் அடுப்புக்கு ஆகும்.”

அப்பாவுக்கு 86 வயது. பட்டுக்கோட்டையில் ஒரு விறகு வாடியில் முப்பது வருஷம் விறகு பிளந்தவர். டன் கணக்கில் பிளந்தால் டன் கணக்கில் கூலி. அந்தக் கூலியில்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தேன், ஃபேன் காற்றில் உட்கார்ந்து பென்ஷன் வாங்கும் உத்தியோகமும் பார்த்தேன். கேஸ் அடுப்பு வீடு வீடாக வந்ததும் வாடிகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பாவின் கோடாலியும் மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஏறியது.

கடைசியாக அது இறங்கியது 2018 நவம்பர் 16. கஜா புயல்! விடிந்து எழுந்து பார்த்தால் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் எல்லாம் சீப்பில் வாரிய தலைமுடி மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. ரோடு இல்லை, கரண்ட் இல்லை. மர அறுவை மெஷின் வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை கோடாலி வைத்திருந்தவன்தான் ராஜா. பக்கத்து வீட்டுப் பையன்கள் அப்பாவின் கோடாலியை வாங்கிக்கொண்டு போனார்கள். நாலு நாள் வேலை. தென்னை பொல்லாத மரம், ரம்பத்தையே தின்னும். அதிலும் வேர்ப் பக்கம் முழுக்க மணல். கோடாலி திரும்பி வந்தபோது அதன் முன் முனை, பாதி கடித்த முறுக்கு மாதிரி இருந்தது. மீதி வாய் முழுக்க மொக்கை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. புயலில் எல்லோருக்கும் ஏதோ போயிற்று, நமக்கு ஒரு முனை போயிற்று என்று பரணில் போட்டுவிட்டார்.

அதைத்தான் இப்போது கேட்டார். நான் எடுத்துக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

“நீங்க போய்ப் படுங்கப்பா. அரை மணியில புதுக் கோடாலியா தர்றேன்!”

இந்த வசனத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே என் தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

கண்ணாடி மாட்டி, மெஷினைப் போட்டேன். என்ன அழகு தெரியுமா ஸார்! பொறி பறந்தது பாருங்கள், கார்த்திகை மத்தாப்பு தோற்றது. உடைந்த முனையின் மட்டத்துக்கு முழு வாயையும் தேய்த்து இறக்க வேண்டும், அதுதான் என் திட்டம். தேய்த்தேன், தேய்த்தேன், அப்படித் தேய்த்தேன். நடுவில் ஓரத்தில் நீலமாக ஒரு பட்டை ஓடியது. மயில் கழுத்து மாதிரி! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அழகாத்தான் இருக்கு” என்று அவளும் சொன்னாள். (பின்னால் பழி பங்கு போடும்போது உதவும் என்று இதை இங்கே பதிவு செய்கிறேன்.)

கடைசியில் வாயை பிளேடு மாதிரி மெல்லிசாக்கி, அதை வைத்து முழங்கையில் நாலு மயிரைச் சிரைத்தும் பார்த்துவிட்டேன். வழுவழு!

அப்பா தூங்கி எழுவதற்குள் ஒரு கிளையைப் பிளந்து அசத்திவிடலாம் என்று வேப்பங்கட்டையை நிறுத்தி, ஓங்கி ஒரு போடு. கோடாலி கணுவில் பட்டது. சத்தமே சரியில்லை. ‘ணங்’ என்று கேட்க வேண்டியது ‘பொத்’ என்று கேட்டது. எடுத்துப் பார்த்தால் வாய் உடையவில்லை, உதிரவில்லை. வாழை இலையின் நுனி மாதிரி அப்படியே மடிந்திருந்தது!

திரும்பினால் அப்பா. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குக் கழுகுப் பார்வை. கோடாலியை வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்தார். அந்த நீலப் பட்டையைப் பார்த்தார்.

“எவண்டா இதை நெருப்புல போட்டவன்?”

“நெருப்புல எல்லாம் போடலைப்பா... மெஷின்லதான்...”

அவ்வளவுதான். கோடாலியைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காபி வேண்டுமென்றால்கூட, நான் எதிரே உட்கார்ந்திருக்க, அடுக்களையைப் பார்த்து, “அம்மாடி, காபி” என்பார்.

மூன்றாம் நாள் கோடாலியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊர்க்கோடியில் இருக்கும் ஆசாரி பட்டறைக்குப் போனேன். எங்கள் பக்கம் இன்னும் உலை எரிகிற ஒரே பட்டறை. ஆசாரிக்கு எழுபது வயது. முன்பு ஆட்டுத்தோல் துருத்தி இருந்த இடத்தில் இப்போது கரண்டில் ஓடும் சின்னக் காற்று மெஷின். கரி மட்டும் அதே சீமைக்கருவேலங்கரி. சம்மட்டி அடிக்க ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் பேரன் லீவு நாளில் வருவான்.

ஆசாரி சாக்கைப் பிரித்தார். கோடாலியைத் தட்டிப் பார்த்தார். முதல் கேள்வி இதுதான்:

“பொறி பூவாச் சிதறுச்சா, கம்பியா ஓடுச்சா தம்பி?”

விழித்தேன்.

“மெஷின் போட்டீங்கள்ல? முதல்ல பொறி எப்படி இருந்துச்சு, கடைசியில எப்படி இருந்துச்சு?”

யோசித்துப் பார்த்தேன். முதலில் மத்தாப்பூ மாதிரி கிளை கிளையாக வெடித்தது. கடைசியில், அதுவும் முன் முனைப் பக்கம், நீள நீளமாக நேர்க்கோடாகத்தான் ஓடியது.

“அப்ப எக்கைத் தாண்டிட்டீங்க” என்றார் ஆசாரி, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொல்கிற குரலில்.

இங்கேதான் எனக்கு ஞானோதயம். இத்தனை வருஷம் கோடாலி என்றால் முழுக்க ஒரே இரும்பு என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் காலத்து நாட்டுக் கோடாலி அப்படி இல்லை. உடம்பு முழுக்கப் பச்சை இரும்பு. அடியைத் தாங்கும், உடையாது, ஆனால் கூர் நிற்காது. வாயில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு எஃகை வைத்து, காய்ச்சி ஒட்ட அடித்திருப்பார்கள். எங்கள் பக்கம் அதை ‘எக்கு வைக்கிறது’ என்பார்கள். எஃகில் கரிச்சத்து அதிகம், அதனால்தான் பொறி பூவாக வெடிக்கிறது. பச்சை இரும்பில் அது இல்லை, பொறி கம்பியாக ஓடுகிறது. கோடாலியின் ஆயுசு என்பது அந்த ஒரு விரல் எஃகுதான்!

ஆசாரி ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வாய்ப் பக்கம் தேய்த்து, வெயிலில் வைத்தார். (சகுனம் பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.) கால் மணி கழித்துக் கழுவினால், தேய்த்த இடத்தில் இரண்டு நிறம்! புளிப்பு பட்டு எஃகு கறுத்திருந்தது, இரும்பு வெளுப்பாக இருந்தது. நடுவில் ஒரு நெல் அகலத்துக்குக் கறுப்பு. முன் முனையில் சுத்தமாக இல்லை.

“உங்கப்பா நாற்பது வருஷமா வெச்சிருந்ததை நீங்க அரை மணியில செலவழிச்சிட்டீங்க. மிச்சம் இருக்கிறதும் வெந்துபோச்சு.”

‘வெந்துபோச்சு’ என்றால்? அந்த மயில் கழுத்து நீலம்! நான் ரசித்தேனே, அது எஃகு 300 டிகிரி சூட்டைத் தொட்டதற்கு அடையாளமாம். கெட்டியாகத் தோய்த்து வைத்த எஃகு அந்தச் சூட்டில் இளகிவிடும், திரும்ப ஆறினாலும் பழைய கெட்டித்தனம் வராது. மெல்லிசான ஓரத்தில் சக்கரம் நாலு விநாடி நின்றால் போதும். அதனால்தான் வாய் மடிந்தது.

“வாய் உதிர்ந்தா தோய்ச்சல் ஜாஸ்தி. மடிஞ்சா தோய்ச்சல் போச்சு. ரெண்டுல எதுன்னு கோடாலியே சொல்லிடும்.”

எனக்குச் சட்டென்று ஒரு காட்சி. எழுபதுகள். அரிக்கேன் விளக்கை நான் பிடித்துக்கொள்ள, அப்பா திண்ணையில் உட்கார்ந்து கோடாலியை மடியில் சாய்த்து, கல்லால் தேய்ப்பார். ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில். கல்லைத் தண்ணீரில் தொட்டு வட்டம் வட்டமாக, இந்தப் பக்கம் முப்பது, அந்தப் பக்கம் முப்பது. எண்ணுகிற வேலை என்னுடையது. எனக்குத் தூக்கம் சொக்கும். “பட்டறையில கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல சாணை பிடிச்சுத் தருவாங்களேப்பா” என்று ஒருநாள் கேட்டேன். “தருவான். இரும்பையும் எடுத்துக்குவான்” என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை. ஆசாரி இரும்பைத் திருடுவார் போலிருக்கிறது என்று நினைத்து ரொம்ப நாள் பட்டறைப் பக்கம் சந்தேகமாகவே பார்த்திருக்கிறேன்!

“இப்ப என்ன பண்றது ஆசாரியாரே?”

“புதுசா எக்கு வைக்கணும். பெரியவரைக் கூட்டிக்கிட்டு வாங்க. அவர் இல்லாம நான் கை வைக்க மாட்டேன்.”

பேசாத அப்பாவை எப்படிக் கூட்டிப் போவது? மனைவியைத் தூது அனுப்பினேன். என்ன சொன்னாளோ, பத்து நிமிஷத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். வழி முழுக்க மௌனம்.

பட்டறையில் மட்டும் வாய் திறந்தார். “இது உங்கப்பா கை வேலை. 1964” என்றார் ஆசாரியிடம்.

“தெரியும்ணே. துருத்தி ஊதினதே நான்தானே! ஒம்போது வயசு எனக்கு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு பெஞ்சு கிடைத்தது, ஓரமாக.

காம்பைக் கழற்றினார்கள். ஆசாரி தகரப் பெட்டியைத் துழாவி ஒரு பழைய அரத்தை எடுத்தார். பல்லெல்லாம் தேய்ந்து குப்பைக்குப் போக வேண்டிய அரம். “லாரி பட்டை இருக்குமே, அதை வைக்கலாமே?” என்றேன், எனக்கும் ஏதோ தெரியும் என்று காட்ட.

“பட்டையில கத்தி அடிக்கலாம், அரிவா அடிக்கலாம். இரும்போட ஒட்டறதுக்கு அது முரண்டு பிடிக்கும். அரம்னா நல்ல எக்கு, சொன்ன பேச்சைக் கேக்கும்.”

பல்லைத் தேய்த்து வழித்து, வாய் நீளத்துக்கு அரத்தைத் துண்டாக்கினார். கோடாலியைப் பழுக்கக் காய்ச்சி, வாயின் நடுவில் வெட்டிரும்பை வைத்து இரண்டாகப் பிளந்தார். பறவைக் குஞ்சு வாயைத் திறந்த மாதிரி கோடாலி ‘ஆ’ என்றது. அதற்குள் அரத்துண்டைச் செருகி, வெற்றிலைக்குள் பாக்கை மடிப்பதுபோல் மடித்து, மறுபடி உலையில். வெங்காரத்தைத் தூவினார். அது பொரிந்து, உருகி, கண்ணாடி மாதிரி இரும்பின் மேல் ஓடியது. எதற்கென்றால், காய்ச்சிய இரும்பின் மேல் செதில் கட்டும்; செதில் நடுவில் இருந்தால் இரும்பும் எஃகும் ஒன்றையொன்று தொடவே தொடாது. வெங்காரம் அதைக் கரைத்து வெளியே தள்ளிவிடும்.

உலைக்குள் நிறம் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஏறியது. “இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இரும்பு வேர்க்கணும்” என்றார். நிஜமாகவே வேர்த்தது! வெளுத்த மஞ்சளில் மேல்பரப்பு ஈரமாகப் பளபளத்தது. ஒன்றிரண்டு பொறி தானாகக் கிளம்பியது. இன்னும் கொஞ்சம் விட்டால் எஃகு எரிந்து புட்டு மாதிரி உதிர்ந்துவிடுமாம்.

“எடு!”

குறடு, பட்டறைக்கல், சம்மட்டி. முதல் அடிகள் ஓங்கி விழவில்லை. வேகமாக, ஆனால் மெதுவாக, அம்மா பிள்ளையை அடிப்பாளே, அந்த மாதிரி. ஒட்டிக்கொண்டது என்று தெரிந்த பிறகுதான் பேரன் சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினான். மூன்று தடவை காய்ச்சி, மூன்று தடவை அடித்து, கடைசியில் கோடாலியை அப்படியே சாம்பலில் புதைத்தார்.

“நாளைக்குச் சாயந்திரம் வாங்க. அது மெதுவா ஆறட்டும். அவசரமா ஆறினா இறுகிப்போகும், அரம் ஏறாது.”

மறுநாள் பெரிய பிரச்னை: வாயின் வடிவம். அறுபது வருஷத்துத் தேய்மானமும் புயலும் நானும் சேர்ந்து பழைய வடிவத்தை அழித்துவிட்டோம். நேராகவே வைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அப்பா முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

“நேரா இருந்தா மொத்த வாயும் ஒரே நேரத்துல மரத்துல மோதும். இறங்காது, எகிறும். ரொம்ப வளைஞ்சா நடுவுல மட்டும் குழி தோண்டும். முன் முனை இல்லாட்டி சறுக்கிக்கிட்டு வந்து உன் கால்ல நிக்கும்.”

சொல்லிக்கொண்டே என் சட்டைப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை உருவினார். (மச்சினன் பையனுக்கு. நல்ல கனமான அட்டை, நாற்பது ரூபாயாவது இருக்கும்!) கோடாலியை அதன் மேல் படுக்க வைத்து, உலைக்கரியால் ஒரு கோடு போட்டார். மூன்றாம் பிறை. நடுப்பகுதி இரண்டு முனைகளையும்விட அரை விரல் முன்னால். அளவுகோல் இல்லை, அழிக்கவில்லை, திருத்தவில்லை. ஆசாரி கத்தரிக்கோலால் வெட்டினார். மணமகன் பெயர் ஒரு பக்கமும் மணமகள் பெயர் ஒரு பக்கமுமாகப் பிரிந்தது. (கல்யாணம் நல்லபடியாக நடந்தது, கவலைப்படாதீர்கள்.)

அந்த அட்டையை வைத்து வைத்துப் பார்த்து அரத்தால் ராவினார்கள். கன்னத்தையும் சரி செய்தார்கள். நான் மெஷினில் அதைக் குழியாகச் சீவியிருந்தேன். விறகு பிளக்கிற கோடாலிக்குக் கன்னம் மீன் வயிறு மாதிரி லேசாகப் புடைத்திருக்க வேண்டும். வாய் வெட்டுவதோடு சரி, மரத்தை இரண்டாகத் தள்ளுவது அந்தப் புடைப்புதான். சப்பையாக இருந்தால் கட்டைக்குள் மாட்டிக்கொண்டு வராது. வாயின் இரண்டு சரிவும் சேரும் கோணம் 25-லிருந்து 30 டிகிரி இருக்கும் என்று பேரன் கணக்குச் சொன்னான். கணு உள்ள கட்டைக்கு 30 பக்கம் இருந்தால் நல்லது. நான் வைத்தது? சவரக்கத்தி!

ஓரத்தை மட்டும் கூராக்காமல் ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு விட்டுவைத்தார்கள். தோய்க்கும்போது மெல்லிசாக இருந்தால் வெடித்துவிடுமாம்.

தோய்ச்சலுக்கு ஆசாரி சூரியன் இறங்கும்வரை காத்திருந்தார். வெயில் வெளிச்சத்தில் இரும்பின் நிறம் கண்ணை ஏமாற்றும் என்றார். காத்திருந்த நேரத்தில், பேப்பர் படிக்கிறவன் என்ற ஹோதாவில் நான் ஒரு செய்தியை அவிழ்த்துவிட்டேன். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டதே, அது. “அஞ்சாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம ஆட்கள் இரும்புக்காரங்க, தெரியுமா?”

ஆசாரி கரியைக் கிளறிக்கொண்டே, “அவங்க வீட்டுலயும் ஒரு பையன் இருந்திருப்பான்” என்றார். அப்பா இருமுவதுபோல் சிரித்தார்.

இருட்டியது. வாயிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் உலையில். செம்பருத்திப் பூ நிறம் வந்தது. பேரன் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கம்பியில் கட்டி இரும்புக்குப் பக்கத்தில் நீட்டினான். காந்தம் சும்மா தொங்கியது, ஒட்டவில்லை! 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறதாம். தாத்தாவுக்குக் காந்தம் தேவையில்லை. அவர் பார்ப்பது நிறத்தை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் தலையாட்டினார்கள்.

தொட்டித் தண்ணீரில் ஏற்கெனவே ஒரு பழுத்த இரும்பைப் போட்டு வெதுவெதுப்பாக்கி வைத்திருந்தார். பச்சைத் தண்ணீரின் குளிர்ச்சி எஃகுக்கு ஆகாது.

“பேசாதீங்க. ‘டிங்’குன்னு ஒரு சத்தம் வந்தா போச்சு. விரிசல்.”

வாயை மட்டும் தண்ணீரில் இறக்கினார். ‘ஸ்ஸ்ஸ்...’ என்று ஒரே ஆவி. மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருந்தார். அப்பா காதைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் மூச்சு விடவில்லை. என் பையனின் ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை.

டிங் வரவில்லை.

ஆனால் வேலை முடியவில்லை. இப்போது வாய் கண்ணாடி. கெட்டி ரொம்ப ஜாஸ்தி, முதல் அடியில் உதிர்ந்துவிடும். உடனே வெளியே எடுத்து, செங்கல் துண்டால் வாய்ப் பக்கத்தைப் பரபரவென்று தேய்த்து வெளுப்பாக்கினார். உடம்பில் மிச்சமிருந்த சூடு மெதுவாக வாயை நோக்கி நடந்து வந்தது. அது வருவது கண்ணுக்கே தெரிந்தது! வெளுத்த இரும்பின் மேல் முதலில் வைக்கோல் நிறம். பின்னாலேயே வெல்ல நிறம். அதன் பின்னால் கத்தரிப்பூ. அதற்கும் பின்னால்... என் பழைய சிநேகிதன் மயில் கழுத்து நீலம்!

“சவரக்கத்தின்னா வைக்கோல்லயே நிறுத்தணும். கோடாலிக்கு வெல்லம் தாண்டி கத்தரிப்பூ எட்டிப் பாக்கணும்... பாக்கணும்... பாத்திருச்சு!”

தொபுக்கென்று முழுக் கோடாலியையும் தண்ணீரில் போட்டார். நீலம் வாய்க்கு அரை அங்குலம் தள்ளி அப்படியே நின்றுவிட்டது. அதே நீலம்தான், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

வீட்டுக்கு வந்து பழைய காம்பை மாட்டி, ஆப்பு அடித்தோம். கூர் வைக்கிற வேலையை அப்பா யாருக்கும் விடவில்லை. அரத்தை வாயை நோக்கித் தள்ளி, ஒரே போக்கில் நாலு இழுப்பு. பிறகு கல். தண்ணீர் டம்ளரை நான் கொண்டுவந்து வைத்தேன்.

“எண்ணு” என்றார்.

அறுபது வயதில் திண்ணையில் உட்கார்ந்து எண்ணினேன். இந்தப் பக்கம் முப்பது. அந்தப் பக்கம் முப்பது. இருபத்திரண்டாவதில் மனைவி எதற்கோ கூப்பிட்டு, நான் எண்ணிக்கை தவறிவிட்டேன். அவர் கை நின்றது. “இருபத்தி மூணு” என்றார். அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அப்படியானால் அந்தக் காலத்திலும்...? கேட்கவில்லை.

ஓரத்தில் சுருண்டிருந்த பிசிறு போகும்வரை பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்து, கட்டைவிரலைக் குறுக்காக வைத்துப் பார்த்தார். (நீளவாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், விரல் இருக்காது!) வேப்பங்கிளையிலேயே கணு முற்றின கட்டையாகப் பொறுக்கி நிறுத்தினார். டாக்டர் பார்த்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார். அவர் ஓங்கவே இல்லை. தோள் உயரம் தூக்கினார், கோடாலியை விழ விட்டார், கடைசி நொடியில் ஒரு சின்ன வெட்டு.

‘ணங்!’

கட்டை இரண்டாக விரிந்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தது.

வாயைத் திருப்பிப் பார்த்தார். மடிப்பு இல்லை, உதிர்வு இல்லை. “ம்” என்றார். அடுத்த வார்த்தை, “காம்பு ரெண்டு விரல் நீளம். அறுத்துடு.” அறுபது வருஷமாக அதே நீளக் காம்புதான். ஆள்தான் கொஞ்சம் குறுகியிருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு அறுத்தேன்.

மறுநாள் கூலி கொடுக்கப் போனபோது ஆசாரி வாங்க மறுத்தார். “பெரியவர் நேத்து ராத்திரியே கணக்கு முடிச்சிட்டார் தம்பி” என்றார். எப்படி? பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் மேல், எனக்கு ரொம்பப் பழக்கமான ஒரு ஆங்கிள் கிரைண்டர்!

அப்பாவுக்கு வந்த ரோஷத்தைப் பாருங்கள் என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே, ஆசாரி அதை என்னதான் செய்யப் போகிறார் என்று நின்று பார்த்தேன். யாருடைய அரிவாளோ ஒன்றை எடுத்தார். மெஷினைப் போட்டு, ஓரத்தில் ‘ஸ்ர்ர்’ என்று ஒரு விநாடி தொட்டார். எடுத்தார். பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் ‘சொய்ங்’ என்று முக்கினார். விரலால் தொட்டுப் பார்த்தார். மறுபடி ஒரு விநாடி, மறுபடி வாளி.

“அருமையான மெஷின் தம்பி! எவ்வளவுக்கு வாங்கினீங்க?” என்றார்.